முன் ரூம்

வேன் கேட்டுக்குள் நுழைந்ததும் மரகதம் பழக்க தோஷத்தில் எழுந்து, "வா..." என்று ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பங்கஜம் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். இழவு வீட்டுக்கு வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடக் கூடாது. அந்த வாய்க்கு அது எங்கே தெரியப் போகிறது? குன்னூரில் வீட்டின் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவளின் வாய். வேன் சத்தம் கேட்டாலே தானாகத் திறந்துகொள்ளும்.

கூடத்தில் அவள் புருஷன் வேலுசாமியைக் கிடத்தியிருந்தார்கள்.

வந்தது வேலுசாமியின் தங்கை பாலாமணி, அவள் புருஷன் மருதாசலம், இரண்டு பெண் பிள்ளைகள். திருப்பூரிலிருந்து நாளை மறுநாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்க வேண்டியவர்கள். அதற்காகப் பேசி வைத்த அதே வேனில் இன்று சாவுக்கு வந்து இறங்கினார்கள். பாலாமணி "அண்ணா" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து விழுந்தாள். மரகதத்துக்கு அழுகை வரவில்லை. சின்னவளின் புது ஸ்வெட்டரில் தொங்கிய விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று யோசித்தாள்.

வருஷா வருஷம் கோடை வந்தால் போதும், அண்ணனும் தங்கையும் போனில் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் நாள் சிம்ஸ் பார்க், மறுநாள் டால்பின் நோஸ், அப்புறம் ஊட்டியில் போட். கடைசியில் பனியன் கம்பெனியில் அவசர ஆர்டர் என்பார்கள், மாமியாருக்கு முட்டி வலி என்பார்கள், எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். இந்தத் தடவை நிச்சயம் என்றதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேயிலைச் சரிவைப் பார்த்த முன் ரூமை இந்தச் சீசனில் யாருக்கும் விடாமல் பூட்டி வைத்தார்.

"நல்ல சீசன்ல ரூமைப் பூட்டி வெக்கறீங்களே, கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?"

"எம் பொறந்தவ ஒரு ராத்திரி அந்த ஜன்னலோரம் தூங்கி எந்திரிக்கோணும் மரகதம். அப்புறம் யாருக்கு வேணாலும் உடு."

இன்று காலை அந்த ரூம் கம்பளிகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தவர், கொடிக்கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். மரகதம் காபியோடு வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

மத்தியானம் எடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு; பங்காளி மகன் கொள்ளி வைத்தான். பெண்கள் குளித்து முடித்ததும், நடையில் நின்று மருதாசலம் பாலாமணியிடம் தணிந்த குரலில் பேசுவது மரகதத்துக்குக் கேட்டது.

"பனி மஞ்சு எறங்குது. இருட்டறதுக்குள்ள மலை எறங்கிரோணும். எளவு ஊட்டுல பிள்ளைகளை வெச்சுக்கிட்டுத் தங்க முடியுமா? மூணாம் நாளைக்கு நாம மட்டும் வந்தாப் போச்சு."

பாலாமணி மூக்கைச் சிந்தினாள்.

இரு அம்மிணி, இன்னிக்கு ஒரு ராத்திரி இரு. மரகதம் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். அவர் கேட்டதும் அவ்வளவுதானே.

துக்க வீட்டில் போய்ட்டு வர்றோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் மருதாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனில் ஏறினார். பிள்ளைகளும் ஏறின. மரகதம் எப்போதும் நிற்கிற இடத்தில், கேட்டோரமாக நின்றாள். எத்தனை குடும்பங்களை அங்கே நின்று வழியனுப்பியிருக்கிறாள்! வேன் உறுமியது.

"பார்த்துப் போங்க. அடுத்த சீசனுக்கும் கண்டிப்பா வாங்க."

சொல்லிவிட்டாள்.

பங்கஜம் "ஐயோ மரகதம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு சாவுக்கு அழைப்பு வைத்த மாதிரி அல்லவா ஆகிவிட்டது! மருதாசலத்தின் முகம் சுண்டிப் போயிற்று. மரகதம் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள்.

படியில் ஒரு காலை வைத்திருந்த பாலாமணி அப்படியே இறங்கினாள். உள்ளே கையை விட்டுத் தன் பையை இழுத்தாள்.

"ஏனுங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நீங்க போங்க."

"என்ன பாலா இது..."

"போங்க. நான் அண்ணி கூட இருக்கறேன்." மரகதத்திடம் திரும்பினாள். "அண்ணன் எனக்குன்னு வெச்ச ரூம் எதுங்க அண்ணி?"

மரகதம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கொடியில் காலையிலிருந்து கிடந்த கம்பளிகளை வாரிக்கொண்டாள். மஞ்சு பட்டு ஓரமெல்லாம் ஈரம். ஜன்னலோரக் கட்டிலில் அவற்றில் ஈரம் குறைந்த ஒன்றை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள். பாலாமணி பையோடு வாசற்படியிலேயே நின்றாள்.

"கெய்சர் போட்டுடறேன் அம்மிணி. சிவப்பு லைட்டு அணைஞ்சதுக்கு அப்புறம் மொகம் கழுவு. அதுவரைக்கும் பைப்பைத் தொடாதே."

வருகிறவர்களிடமெல்லாம் வேலுசாமி சொல்கிற பேச்சு அது. மரகதம் குளியலறைக்குப் போய் சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு லைட் எரிந்தது. அது அணையட்டும் என்று அங்கேயே நின்றாள்.