முன்சீட்டுக்கு ஏற்ற டயர்

தர்மனுக்கு ஜீப் ஓட்டியவன் நான். ஓட்டினேன் என்று சொல்வதுகூட அதிகம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த கியரில் போவது, யாரைப் பார்த்து ஹாரன் அடிப்பது, எந்தப் பள்ளத்தில் இறக்குவது எல்லாவற்றுக்கும் இடது பக்கத்து முன்சீட்டிலிருந்து உத்தரவு வரும். அந்த சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் மனைவி ஜானகியம்மாளே பின்னால் தவிட்டு மூட்டையோடுதான் வருவார்.

எங்கள் ஊர் பாறைக்கொட்டாய். ஏரியூர் தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் நாலு மைல் கல்லும் மண்ணும். எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் என்று அறிவித்தார்கள். அதற்காக எத்தனையோ வருஷமாக வெள்ளை வேட்டி துவைத்து மடித்து வைத்திருந்தவர் தர்மன். வேட்டி நாலு முறை புதிதானது, தேர்தல்தான் வரவில்லை. வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நிற்கலாம் என்று யோசித்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போய் உட்கார வைத்தார். ஒருவருக்குக் கோயில் கமிட்டியில் இடம் தருவதாகச் சொன்னார். ஒருவரின் மகனுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். இன்னொருவரிடம் எதுவும் சொல்லவில்லை, பத்து நிமிஷம் முறைத்தார், அதுவே போதுமாக இருந்தது. போட்டியே இல்லாமல் தலைவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஓட்டு எண்ணினால் எதிராக நாலு விழும், அந்த நாலு பேர் யார் என்று வாழ்நாள் முழுக்கத் தூக்கம் வராது.

மனு கொடுக்கும் நாள் நெருங்கியபோது ஜீப்பின் நாலு டயரும் மொட்டையாக இருந்தன. ஊரில் பஞ்சர் ஒட்டும் சென்றாயன், டயரைத் தடவிப் பார்த்து அவரிடமே சொன்னான்.

"இதுக்கு மேல ஒட்டறதுக்கு எடமில்லீங்க. ஒட்டு மேலதான் ஒட்டணும்."

"பெரிய டயர் டாக்டரு," என்றார் தர்மன். அவன் சிரித்துக்கொண்டே பசை டப்பாவை மூடினான்.

தர்மபுரியில் அக்பர் அலி பாய் டயர் கடைக்குப் போனோம். பாய் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று ரோட்டுக்கானது, கோடு கோடாக அமைதியாக இருந்தது. மற்றது காட்டுக்கானது. கட்டை கட்டையாகப் பட்டன் வைத்து, பார்க்கவே பயமாக இருந்தது.

தர்மன் டயர் வாங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே வாகனச் சந்தை மாட்டுச் சந்தைதான். காட்டு டயரை உருட்டச் சொன்னார். நடை பார்த்தார். தட்டிப் பார்த்துக் காதை வைத்துக் கேட்டார். எங்காவது சுழி இருக்குமோ என்று உள்பக்கமும் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் பாய், "தார் ரோட்டுல இது ஊன்னு சத்தம் போடுங்க. ரோடும் காடும் கலந்து ஓட்டறவங்களுக்கு நடுவாந்தரமா ஒரு டயர் வருது, பாக்கறீங்களா?" என்றார்.

"சத்தம் போடுமா?"

"அரை மைலுக்குக் கேக்கும்."

"அப்ப இதேதான் பாய். வர்றது யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல."

நாலு கேட்டார். இருந்தது இரண்டுதான். அடுத்த லோடு வர பதினைந்து நாளாகும், மனுவுக்கோ ஐந்து நாள்தான் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம். பாய் என்னைப் பார்த்து, "பின்னாடி மாட்டிடுப்பா, அதான் வண்டியைத் தள்ளுறது," என்றார்.

தர்மன் முகம் மாறியது. "பின்னாடி யார் உக்கார்றாங்க பாய்?"

"யாரு உக்காந்தா என்னங்க?"

"ஆளுக்காரனும் தவிட்டு மூட்டையும் வர்ற எடத்துல புது டயரு. நான் உக்கார்ற எடத்துல மொட்டை. நல்லா இருக்கு உங்க நியாயம்."

நான் வாயைத் திறந்தேன். இந்த ஜீப்பில் முன் சக்கரங்களையும் சுழல வைக்க ஒரு ஷாஃப்ட் இருந்தது. அது இருந்தால் முன்னால் மாட்டினாலும் ஏதோ ஒரு நியாயம் உண்டு. ஆனால் டீசல் அதிகம் குடிக்கிறது என்று அவரே அதைக் கழற்றச் சொல்லி இரண்டு வருஷமாகிறது. இப்போது அது அவர் மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டி கட்டும் முளையாக இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"நீ வண்டியை ஓட்டு. யோசிக்கிறது என் வேலை," என்றார்.

புது டயர்கள் முன்னால் ஏறின. சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தூரத்திலிருந்து எதிரே பார்த்தால் வண்டி சிங்கம் போல இருந்தது. பின்னால் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சென்றாயன் மட்டும் சுற்றி வந்து பார்த்தான்.

"மாத்திப் போட்டுட்டீங்களே," என்றான்.

"உன்னக் கேட்டு மாட்டணுமா?"

"இல்லீங்க. ஓடையில ஈரம் இருந்தா இது ஏறாது. அதான் சொன்னேன்."

அன்றைக்கு ஓடையில் ஈரம் இல்லை. ஆனால் மனு கொடுப்பதற்கு முதல் நாள், கீழ்வயல்காரர்களைக் குளிர வைக்க வேண்டும் என்று தர்மனே ஏரி மதகைத் திறந்துவிட்டார். ஓடை முழங்கால் அளவுக்குத் தண்ணீரும் அதன் கீழே முழங்கால் அளவுக்குக் களியுமாக ஆகிவிட்டது. தன் பதவிக்காகத் திறந்த தண்ணீரில்தான் தானும் இறங்கியாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை கடைசி நாள். பென்னாகரம் ஆபீசில் மூன்று மணிக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். பத்தரைக்கு நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். பின்னால் ஆறு பேர். முன்சீட்டில் மாலையும் மனுவும் தர்மனும். ஓடையில் இறங்கியபோது முன் டயர்கள் அழகாகத்தான் இறங்கின. எதிர்க் கரை மேட்டில் வந்ததும் பின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. பின்னால் இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். சக்கரம் வாரியடித்த சேற்றில் ஆறு பேரும் ஒரே நிறமானார்கள். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. முன்னால் இரண்டு புது டயரும் பட்டன் தேயாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"அய்யா, எல்லாரும் பின்னாடி ஏறி உக்காந்துக்கணும். நீங்களும். பின்னாடி வெயிட் அழுத்தினாத்தான் டயரு மண்ணைப் புடிக்கும்," என்றேன்.

கரையில் அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. தர்மன் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மனு குடுக்கப் போறவன் மூட்டையோட மூட்டையா உக்காந்து போறதா?"

மாடு கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். மாடு இழுத்து வந்த தலைவர் என்று காலத்துக்கும் பேசுவார்கள் என்று அதுவும் வேண்டாமென்றார். மேடேறி நடந்து போய்த் தார் ரோட்டில் டவுன் பஸ் பிடிக்கலாம் என்று நானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கதர்த் துண்டால் விசிறிக்கொண்டு முன்சீட்டிலேயே இருந்தார்.

அப்போதுதான் சென்றாயன் வந்தான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஓடையைக் குறுக்கே கடந்தான். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

"எங்கடா போற?" என்றார் தர்மன்.

"பென்னாகரம் வரைக்குங்க."

"டியூப் வாங்கவா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் தர்மன், "அப்படியே ஆபீசுல போயி, தலைவர் வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லிடு," என்றார்.

"சொல்லிடறேங்க," என்று சொல்லிவிட்டு அவன் மேடேறிப் போனான்.

பன்னிரண்டு மணிக்குத் தர்மன் இறங்கி வந்தார். குரலைத் தாழ்த்தி, "சரி, அந்த டயரைப் பின்னாடி மாத்து," என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்பேனரை எடுத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் கரையிலிருந்து, "இப்ப ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சே," என்றான். தர்மன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஒன்றரை மணி வரை ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாதாம். ஒன்றரை மணி நேரம் நானும் ஸ்பேனரும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மூன்று மணிக்குக் கதவு சாத்துகிறவன் ராகுகாலத்தைக் கழித்துக்கொண்டா சாத்துவான்?

ஒன்றரைக்கு ஆரம்பித்தோம். ஜாக்கி களியில் புதைந்தது. பலகைக்கல் தேடி அடியில் வைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாட்டி முடித்தபோது மணி இரண்டரை. வண்டியை எடுத்தேன். முதல் கியரில், யாரும் தள்ளாமல், ஒரே மூச்சில் மேடேறியது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத் தர்மன் தனக்கென்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

தார் ரோட்டில் டயர் ஊ என்று கத்தியது. வர்றது யாரென்று ஊருக்கெல்லாம் தெரிந்தது. எங்கள் ஜீப் ஆபீஸ் வாசலில் நின்றபோது மூன்று இருபது.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளே இருந்த அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"பாறைக்கொட்டாய்ங்களா? நீங்க வந்துக்கிட்டே இருக்கீங்கன்னு ஒருத்தர் வந்து சொன்னார். மூணு மணி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"இருபது நிமிஷந்தாங்க," என்றார் தர்மன். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. பரிதாபமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"நேரம் முடிஞ்சுதுங்க. உங்க ஊருக்கு வந்தது ஒரே மனு."

"ஒண்ணா? யாரு மனு?"

அதிகாரி விரலை நீட்டிய இடத்தில், வேப்பமரத்தடியில், சென்றாயன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தான். பின் சக்கரத்தில் காற்று இல்லை. மஞ்சள் பை காலியாக இருந்தது.

தர்மன் அவன் பக்கமாகப் போனார். அடித்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க எல்லார் வூட்டுக்கும் போனீங்க. எங்க வூட்டுக்கு வரலீங்களே. வந்திருந்தா நானும் உக்காந்திருப்பேன்."

சுற்றிலும் நாலைந்து ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பெருந்தன்மையைத் தவிர தர்மன் கையில் வேறெதுவும் மிச்சமில்லை. ஜீப்பிலிருந்த மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். முன்சீட்டுக் கதவையும் அவரே திறந்துவிட்டார்.

"ஏறு. காத்தில்லாத சைக்கிள்ல எப்படிப் போவ?"

சென்றாயன் முன்சீட்டைப் பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டு பின்னால் போய், புது டயர்களைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தான்.

"நீங்க முன்னாடியே உக்காருங்க. நான் பின்னாடி ஏறிக்கிறேன். ஓடையில மேடு இருக்குல்ல. பின்னாடி வெயிட் இருந்தாத்தான் புடிக்கும்."

சேறு காய்ந்த ஆறு பேரும் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். தர்மன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எந்த கியரில் போக வேண்டும் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. ஓடை வந்தது, இறங்கினேன், வண்டி ஒரே மூச்சில் ஏறியது. பின்னால் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் இருந்தவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.