காயும்வரை தொடாதே

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, கேட்டு வாங்கியது. ஜப்பானின் ஒகயாமாவில், எங்கள் வட்டாரக் கூடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, சோற்றுருண்டையைப் பிட்டுத் தின்றுகொண்டே சிகுசா சான் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை நான் முதல் வாக்கியத்திலேயே மீறினேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கணவர் இசாவோ இறந்த பிறகு, அவர் பாதியில் விட்டுப்போன குட்டி ரயில் நிலையத்தைச் சிகுசா"

அங்கேயே நிற்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவர் மொழியில் சொல்லிக் காட்டினேன். உருண்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"சேது சான், உங்க கதையில அவர் செத்துட்டாரா?"

"கதை சுலபமா நகரும்னு..."

"அவரைச் சாகடிக்காதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். செத்துட்டா உங்களுக்கு வசதிதான். எனக்குந்தான் வசதி. ஒரு போட்டோ வச்சு, ஊதுபத்தி ஏத்தி, வருஷத்துக்கு ஒரு தடவை கல்லறையைக் கழுவிட்டு வந்தா முடிஞ்சுது. அந்த வசதியை அவரே எனக்குக் கொடுக்கல. நீங்க யாரு கொடுக்கறதுக்கு?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இசாவோ சாகவில்லை. போனார், வரவில்லை. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

2

கதைக்குள் போகும் முன் எங்கள் குட்டி ரயில் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வீடுகள் சின்னவை. குட்டி ரயில் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் முழுப் பாதையையும் விரித்து வைக்க யாரிடமும் அறை இல்லை. அதனால் ஆளுக்கு ஒரு பலகை. கையில் தூக்கிப் போகிற அளவு. தண்டவாளம் பலகையின் இரண்டு முனையிலும் சங்கம் சொன்ன இடத்தில் வந்து நிற்க வேண்டும், அது மட்டும்தான் சட்டம். நடுவில் மலை வைக்கலாம், கடைத்தெரு வைக்கலாம், அவரவர் பாடு. வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பலகைகளையும் கூடத்தில் கோத்து, ஒரே பெரிய வட்டமாக்கி வண்டி விடுவோம். ஒருவர் பலகையில் பனி கொட்டிக்கிடக்கும், அடுத்ததில் செர்ரி பூத்திருக்கும். இடையில் எத்தனை மாதம் ஓடிற்று என்று வண்டியும் கேட்காது, நாங்களும் கேட்க மாட்டோம்.

(என் பலகை முழுக்கச் சுரங்கம். மரம் செய்ய வராது, வீடு செய்ய வராது. ஒரு மலையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வண்டி இந்தப் பக்கம் நுழையும், அந்தப் பக்கம் வரும். தலைவர் குவபாரா என்னைச் சங்கத்தின் மகா சோம்பேறி என்று புது உறுப்பினர்களிடம் அறிமுகம் செய்துவைப்பார். சிகுசா சானின் பலகைக்கு அடுத்தது என்னுடையது. இந்தக் கதைக்கு எனக்குள்ள உரிமை அவ்வளவுதான்.)

3

தொடக்கம் நான்கு. (இரண்டும் மூன்றும் உங்களுக்கு வேண்டாம். இரண்டில் தேவையில்லாமல் மழை பெய்தது. மூன்றில் இசாவோவே பேசினார். அவர் வாயை நான் பிடுங்கிக்கொள்வது அநியாயம்.)

அன்று காலை இசாவோ சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, பிளாட்பாரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிமென்ட் கம்பெனியில் வேலை. கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார், பசை படாமல் இருக்க.

"சூப் ஆறுது," என்றாள் சிகுசா.

"ஒரு நிமிஷம்."

"உங்க ஒரு நிமிஷத்துல நான் துணி துவைச்சுக் காயப்போட்டு மடிச்சும் வச்சுடுவேன்."

"மடிச்சு வை. எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் கிடைக்கும்."

பிளாட்பாரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பாரத்துக்கு எதையோ தேடி, கைக்கு எட்டிய சோயா சாஸ் புட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். சூப்பை நின்றபடியே குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிச் சொன்னார்: "காயறவரைக்கும் தொடாதே. போயிட்டு வர்றேன்."*

"போயிட்டு வாங்க," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல், மேசையைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் புட்டியை அவள் மூன்று நாள் நகர்த்தவில்லை. பிறகு சமையலுக்கு வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால், பாரம் ஒரு பக்கமாக அழுத்தி, பிளாட்பாரம் தண்டவாளத்தை நோக்கி ஒரு மயிரிழை நகர்ந்து, அப்படியே காய்ந்து இறுகியிருந்தது.

* இங்கேயும் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் "போய் வருகிறேன்" என்றுதான் சொல்வார், நம்மைப் போலவே. போனவர் வராவிட்டால் அந்தப் பாதிச் சொல்லை எங்கே வைப்பது என்று இரண்டு மொழியிலும் தேடிவிட்டேன்.

4

இந்த இடத்தில் வாசகர் கேட்பீர்கள்: ஏன் போனார்? நியாயமான கேள்வி. எழுதிப் பார்த்தேன்.

கடன் இருந்தது என்று எழுதினேன். இல்லை. இன்னொரு பெண் என்று எழுதினேன். சிகுசா சான் சிரித்தே விட்டார். "அவருக்கா? அவர் இன்ஜினுக்குத் துரு பூசறதுக்கே ஆறு மாசம் யோசிப்பாரு." வேலையில் அவமானம் என்று எழுதி, அந்தப் பத்தி நன்றாகவே வந்தது, எனக்கே கண் கலங்கியது. ஆனால் அது நான் பார்த்திராத ஒரு மனிதனின் அவமானம். அதைத் தைத்து இசாவோவுக்குப் போட்டுப் பார்த்தேன். தோளில் நிற்கவில்லை.

ஆகவே காரணம் இல்லை. சிகுசா சானுக்கே கிடைக்காத காரணத்தை உங்களுக்கு எப்படித் தருவேன்?

5

மறு வசந்தத்தில் குவபாரா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னமும் பல் தேய்க்கும் அரம் இருக்கும். அதைக் கொண்டுதான் இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்ப்பார்.

"கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு, சிகுசா சான். நான் இசாவோவைத் தேடி வரல. பலகையைத் தேடி வந்தேன். அது இல்லாம வட்டம் மூட மாட்டேங்குது."

பல மாதங்களில் முதல் முறையாக அவள் சிரித்தாள். போலீஸ்காரர், அண்ணன், அண்டைவீட்டுக்காரி, எல்லோரும் இசாவோ எங்கே என்று கேட்டார்கள். இசாவோ இல்லாவிட்டால் எது மூடவில்லை என்று முதலில் சொன்னவர் இந்தப் பல் டாக்டர்தான்.

பலகையைத் துணியில் சுற்றி அவளே எடுத்துப் போனாள். வண்டி வந்தது. அவள் நிலையத்தில் பிளாட்பாரத்தில் உரசி நின்றது.

"அட, இசாவோ வண்டியைப் பிடிச்சு வச்சுக்கிட்டார்!" என்று யாரோ கத்தினார்கள். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவள் குனிந்து, விரல்நுனியால் பெட்டியைத் தொட்டு மெல்லத் தள்ளிவிட்டாள். வண்டி போயிற்று.

சங்கத்தின் விதிப்படி குவபாராவின் பெரிய நிலையத்தைத் தவிர வேறெங்கும் வண்டி நிற்கக் கூடாது. நின்றால் பின்னால் வருவது மோதும். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அகலமான வண்டிகள் அவளிடம் வந்து நின்றன. "வண்டி நிக்கறப்போ, யாரோ இறங்கற மாதிரியே இருக்கும்," என்று சிகுசா சான் படிக்கட்டில் சொன்னார். "யாரும் இறங்கலன்னு தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்."

அவள் கற்றுக்கொண்டாள். நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேட்டைக் கட்டினாள். ஈச்சம்பழ அளவில் ஒரு பெர்சிமன் மரம். கம்பி வளைத்து சைக்கிள்கள். கூரைக்கு மழைக்கறை பூசினாள். துருவுக்கு எந்தச் சாயத்தில் எதைக் கலக்க வேண்டும் என்று குவபாராவுக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பலகை அழகாகிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் தூர நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: இது இசாவோவின் பலகையே இல்லை. வண்டி விடும் ஞாயிறு என்றால் அவரால் எங்கிருந்தாலும் சும்மா இருக்க முடியாது, என்றாவது ஒரு வருஷம் கூடத்துக்குள் நுழைவார், யாரிடமும் பேசாமல் நேராகத் தன் பலகையைத் தேடுவார். தேடினால், எதை வைத்து அடையாளம் காண்பார்?

பிளாட்பாரத்தை வைத்து. அதை மட்டும் அவள் தொடவில்லை.

(எனக்கும் இதே கதிதான். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வாக்கியம் மெருகேறுகிறது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்மணி கொஞ்சம் மறைகிறார். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அது எப்போது போயிற்று?)

6

ஒனிஷி என்றொரு உறுப்பினர். பித்தளையை வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தன் கையாலேயே ஒரு நீராவி இன்ஜின் செய்தார். சென்ற வருஷம் அதைப் பெருமையாக ஓட்டி வந்தார். இசாவோவின் பிளாட்பாரம் அதன் விலாவில் ஒரு நீளமான கீறல் போட்டது. ஒனிஷி கைக்குட்டையை எடுத்து இன்ஜினைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வசந்தத்தில், பலகைகளைக் கோக்கும் முன்பு குவபாரா அவளிடம் வந்தார். கையில் இன்ஜின் அகலத்துக்கு வெட்டிய அட்டைத்துண்டு. அதைத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளிக் காட்டினார். பிளாட்பாரத்தில் முட்டிக்கொண்டது.

"பாருங்க, ஒரு மயிரிழைதான். நான் தேய்ச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்."

"இத்தனை வருஷம் நான் ஒண்ணும் சொன்னதில்ல."

"இப்பவும் சொல்லாதீங்க."

"ஒனிஷி முகத்தைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குதும்மா. தேய்ங்க, இல்லாட்டி பலகையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எதிர்ப்பக்கத்துல ஒண்ணைக் கழட்டி வட்டத்தைச் சின்னதாக்கிக்கறேன். எனக்குப் பிடிக்கல. ஆனா செய்வேன்."

பலகை இல்லாவிட்டால், இசாவோ வந்து தேட ஒன்றுமில்லை. தேய்த்துவிட்டால், அவர் கை பட்டது எதுவும் மிச்சமில்லை. அவள் கூடத்தின் கதவைப் பார்த்தாள். கதவு வழியாக ஒரு குடும்பம் குழந்தையை இறக்கி விட்டபடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அரத்தைக் குடுங்க," என்றாள்.

நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அசையாமல் பிடிக்கச் சொன்னார் சிகுசா சான், பிடித்தேன். கையெழுத்தை அழிக்கிற மாதிரி, விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்த்தார். அழவில்லை. நடுவில் ஒரு முறை மட்டும், என்னிடம் இல்லை, பிளாட்பாரத்திடம் சொன்னார்: "காஞ்சு போச்சுங்க. எப்பவோ காஞ்சு போச்சு."

7

நடந்தது இதுதான்: ஒனிஷியின் இன்ஜின் அவள் நிலையத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் கைதட்டினோம். சிகுசா சானும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கொண்டுபோய்ச் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"நடந்தது அவ்வளவுதானே?"

"நடந்தது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல உங்க பாஷையில ஒரு கதை வேணுமா?" டீக்கோப்பையைத் தள்ளி வைத்தார். "இனிமே அங்க எதுவும் நிக்காது, சேது சான். எல்லாம் நல்லாப் போகுது. அதுதான் தாங்க முடியல. கதையிலயாவது ஒரு தடவை நிக்கட்டுமே."

குவபாராவிடம் அனுமதி கேட்டேன். "விதியை நான் மீறுறேன்னு எழுதப்போறீங்களா? எழுதிக்குங்க. பின்னால வர்ற வண்டியை எங்க நிறுத்தினேன்னும் சேர்த்து எழுதுங்க. ஆளுங்க என்னைக் கிண்டல் பண்ணுவாங்க."

8

எழுதுகிறேன்.

அரம் பையில். பிளாட்பாரம் வழவழவென்று. குவபாரா முதலில் பின்னால் வரும் வண்டியைத் தன் பெரிய நிலையத்திலேயே நிறுத்தி வைக்கிறார் (எழுதிவிட்டேன், டாக்டர்). பிறகு கன்ட்ரோலரின் குமிழை மெல்லக் குறைக்கிறார். உள்ளூர் வண்டி, இரண்டே பெட்டி, சிகுசாவின் பலகைக்குள் நுழைகிறது. மெதுவாகிறது. உரசாமல், முட்டாமல், தானாக நிற்கிறது.

"ரொம்ப நேரமெல்லாம் கிடையாது. ஒரு நிமிஷம்," என்கிறார் குவபாரா. கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பெட்டிகளின் கதவுகள் திறக்காது, அவை வெறும் வரைந்த கோடுகள். ஜன்னல்களில் மட்டும் சின்ன விளக்கு எரிகிறது. பெர்சிமன் மரத்தின் நிழல் பிளாட்பாரத்தில் விழுந்திருக்கிறது. கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. அவள் கட்டைவிரல் குமிழின் மேல் இருக்கிறது. திருப்பினால் வண்டி போய்விடும். அவள் கதவைப் பார்க்கிறாள்.

அந்தக் கதவை நான் திறக்கலாம். ஒரே வாக்கியம் போதும். அவரைச் சாகடிக்காதீர்கள் என்று கேட்டவர், வரவையுங்கள் என்று கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கமில்லாமல் எழுதியிருப்பேன். கேட்காததை எழுத எனக்குத் துணிவில்லை. வண்டியைக் கிளப்பவும் மனம் வரவில்லை. ஐந்து பிரதி எழுதிவிட்டேன், ஐந்திலும் அது அங்கேயேதான் நிற்கிறது. பெரிய நிலையத்தில் அடுத்த வண்டி காத்திருக்கிறது. ஒனிஷி இருமுகிறார். குவபாரா சொன்ன ஒரு நிமிஷம் எப்போதோ போய்விட்டது.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதோ, குமிழ் உங்கள் பக்கம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றால், நிற்கட்டும், அவளுக்குக் கால் வலிக்காது. போகட்டும் என்றால் மெதுவாகத் திருப்புங்கள், பெட்டிகள் குலுங்காமல். அடுத்த பலகை என்னுடையது. சுரங்கத்துக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.