நாகலக்ஷ்மி வீட்டு சீலிங்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. மாட்டுங்காவில் எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு, வீட்டு இன்ஷூரன்ஸில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். நானும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தேன்.

'தீ, இடி, புயல், வெள்ளம், திடீரென்று வெடிக்கும் தண்ணீர்க் குழாய் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் உண்டு. ஆனால் நாட்பட்ட தேய்மானத்துக்கும், சிறுகச் சிறுகக் கசியும் ஈரத்துக்கும்

இந்த இடத்தில் நாகலக்ஷ்மி உள்ளே வந்துவிட்டாள். வாக்கியத்தை முடிக்க விடவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: 'செம்பூரில் ஒரு ஜூலை காலை, நாகலக்ஷ்மியின் சமையலறை சீலிங் திடீரென்று இடிந்து விழுந்தது.'

இன்னொன்று: 'மூன்று மழைக்காலமாக ஊறிக்கொண்டிருந்த சீலிங், ஒரு ஜூலை காலை விழுந்தது.'

இரண்டும் உண்மைதான். முன்னதில் விறுவிறுப்பு உண்டு, க்ளெய்முக்கும் வாய்ப்பு உண்டு. பின்னதற்கு ஒரு பைசா பெயராது. நாகலக்ஷ்மியின் கணவர் அனந்தநாராயணன் முன்னதன் கட்சி.

துறைமுக ஆபீஸில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். பாலிசி எடுத்த நாளிலிருந்தே நடையில் ஒரு நிமிர்வு. சீலிங்கில் முதன்முதலாக ஒரு கறை தெரிந்தபோது நாகலக்ஷ்மி கூப்பிட்டுக் காட்டினாள். "இன்ஷூரன்ஸ் இருக்கு, பாத்துக்கலாம்" என்றார். கறை தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தபோதும் அதையேதான் சொன்னார். பேப்பரை இறக்காமலே சொன்னார்.

விழுந்ததில் மிக்ஸி நசுங்கியது. இட்லி மாவில் பாதி சிமென்ட். நாகலக்ஷ்மி நல்லவேளையாக ஹாலில் இருந்தாள். (முதலில் அவள் தலையில் சின்னதாக ஒரு காயம் எழுதியிருந்தேன். வீட்டு பாலிசி வீட்டுக்கு, ஆளுக்கு வேறு பாலிசி. அதை விளக்க இன்னொரு பக்கம் ஆகும் என்பதால் காயத்தை எடுத்துவிட்டேன். அவளுக்கும் நல்லதுதான்.)

3

சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வருவதற்கு முன்னால் அனந்தநாராயணன் மனைவிக்குப் பாடம் நடத்தினார். மாடி வீட்டுக் குழாய் அன்று காலைதான் வெடித்தது, நமக்கு அவ்வளவுதான் தெரியும், மற்றதையெல்லாம் என்னிடம் விட்டுவிடு என்றார். அவளும் தலையாட்டினாள்.

சர்வேயர் மாரிசெல்வத்தைக் கறாரான ஆளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தாராவியிலிருந்து பஸ்ஸில் நனைந்து வந்த மனிதர். துண்டு வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். மாடி வீட்டு சஃப்ரீனும் இறங்கி வந்து அங்கே நின்றிருந்தாள். அவள் குளியலறைக்கு நேர் கீழேதான் ஓட்டை. மாரிசெல்வம் அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்த அனந்தநாராயணனை விட்டுவிட்டு, நாகலக்ஷ்மியிடம் கேட்டார்:

"இது எப்பம் ஆரம்பிச்சுதும்மா? மொதல்ல இருந்து சொல்லுங்க."

இப்படி ஒருவர் தன்னைக் கேட்டு நாகலக்ஷ்மிக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

கணவர் இருமினார். அவள் காதில் விழவில்லை. டியூப்லைட் பக்கம் முதலில் தெரிந்த கறை, மழை விட்ட பிறகும் போகாத நெடி, சாம்பாரில் உதிர்ந்த காரை, தீபாவளிக்குத் தீபாவளி மேலே பூசிய பெயின்ட் என்று ஒன்றுவிடாமல், கையை ஆட்டிச் சொன்னாள். மாரிசெல்வம் 'ம்' கொட்டிக் கேட்டார். சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சி. க்ளெய்ம் போயே போய்விட்டது.

"இது நாள்பட்ட கசிவும்மா. கம்பெனி தராது. மிக்சிக்கும் கெடைக்காது" என்றார் மாரிசெல்வம். அவருக்கே சங்கடமாக இருந்தது.

சஃப்ரீன், இவர்கள் தமிழில் பேசியதில் பாதிதான் புரிந்தும், விஷயத்தைப் பிடித்துவிட்டாள். மூன்று வருஷமாக என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை ஆன்ட்டி என்று இந்தியில் கேட்டாள். உன் பாத்ரூமைக் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்று நாகலக்ஷ்மியும் இந்தியிலேயே சொன்னாள். மறுவாரமே சஃப்ரீன் தரையை உடைத்துக் குழாயை மாற்றினாள். சீலிங்கையும் அவள் ஆட்களே பூசிக் கொடுத்தார்கள். வேலை முடியும்வரை அவள் குடும்பம் குளித்ததெல்லாம் நாகலக்ஷ்மி வீட்டில்தான். அனந்தநாராயணன் தன் வீட்டு பாத்ரூமுக்கே வரிசையில் நின்றார்.

4

'ஆகவே பாலிசியை முழுதாகப் படியுங்கள்' என்று முடிக்கச் சொல்கிறது மலர்க் குழு. படியுங்கள்தான். ஆனால் முடிவு அதுவல்ல.

அனந்தநாராயணன் சில நாள் பேப்பரும் கையுமாகவே இருந்தார். பிறகு ஒரு சாயங்காலம், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ சொல்லி, நான் காதுல வாங்கிக்காம விட்டது இன்னும் ஏதாவது இருக்கா?"

நாகலக்ஷ்மி கரண்டியை வைத்தாள். காஸை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு இரண்டு பக்கம்தான் கொடுத்தார்கள், அது தீர்ந்துவிட்டது. அவள் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தாள் மட்டும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.