நம்ம வினி

கதவைத் தள்ளியதும் தலைக்கு மேல் மணி அடித்தது. எட்னா உள்ளே பார்த்தாள். முன்னால் ஆறு பெண்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஹால்ராய்ட் கடையில் ஆறு பேர் என்பது கூட்டமே இல்லை. ஆனால் அந்த ஆறு பேருக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே! ஆளுக்குக் கால் ராத்தல் பாலாடைக்கட்டி, அதற்கு அரை மணி நேரப் பேச்சு. பன்றி இறைச்சியும் மண்ணெண்ணெயும் காடிப் பீப்பாயும் சேர்ந்து வீசும் வாடையில் எட்னா கடைசியாகப் போய் நின்றுகொண்டாள்.

ஏன் நின்றாள்? எழுபது வருஷம் கழித்தும் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. அம்மா அவளைச் சாமான் வாங்க அனுப்பவில்லை. "நேரா உள்ள போ, நம்ம டோரா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வா. யாரு என்ன சொன்னாலும் நிக்காதே," என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் அவர்கள் ஊரான கிராக்லியில் பாதிரியாரைக் கேலி செய்தவனைக்கூட ஒரு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள். வரிசையில் முந்தியவளைப் பற்றி அவள் பேரனிடம்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதை மீறும் தைரியம் எங்கிருந்து வரும்? கால் தானாகப் போய் வரிசையில் நின்றுவிட்டது.

டோரா அவளுடைய தங்கை. ஏழு வயது. மூன்று வாரத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு தம்பி பிறந்தபோது, "ஒரு வாயைக் குறைச்ச மாதிரி இருக்கும், நான் வச்சுக்கறேன், ரெண்டு வாரம்தானே," என்று மிஸஸ் ஹால்ராய்டே வந்து அழைத்துப் போனாள். தெருவே அவளைப் புகழ்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மில் அணையின் பனிக்கட்டி உடைந்து அவளுடைய ஒரே மகள் வினி மூழ்கிப் போய்விட்டாள். அதிலிருந்து மிஸஸ் ஹால்ராய்ட் கடையைத் திறப்பாள், மூடுவாள், அவ்வளவுதான். ஒரு குழந்தைச் சத்தம் வீட்டில் கேட்டால் அவளுக்கும் நல்லது என்றார்கள். டோராவுக்கோ கொள்ளை சந்தோஷம். ஜாடி ஜாடியாக மிட்டாய் இருக்கும் வீட்டில் படுத்துத் தூங்க எந்தக் குழந்தைக்குக் கசக்கும்?

முதல் வாரம் எட்னா பார்க்கப் போனாள். மிஸஸ் ஹால்ராய்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நம்ம வினி, அந்த எலுமிச்சை மிட்டாய் ஜாடியை எடு," என்றாள். டோரா எடுத்துக் கொடுத்தாள். அந்த ஊரில் கடைக்காரி, பஸ் கண்டக்டர், வழிப்போக்கன் எல்லோரும் எல்லோரையும் 'கண்ணு' என்பார்கள், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் பெயருக்கு முன்னால் 'நம்ம' என்று வந்தால் அது ரத்தம். வீட்டு ஆள் வீட்டு ஆளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடலாம்.

"வினின்னு கூப்பிட்டா நீ ஏன்டி எடுத்துக் கொடுத்தே?" என்று வெளியே வந்து கேட்டாள் எட்னா.

"பாவம்க்கா அவங்க. வாய் தவறிச் சொல்லிட்டாங்க. திருத்தினா அழுவாங்க," என்றாள் டோரா. "ஒரே ஒரு தடவைதானே."

அடுத்த வாரம் மிஸஸ் ஹால்ராய்ட் கூப்பிட, டோரா ஜாடியை இடது கையால் எடுத்தாள். டோரா இடது கைக்காரி இல்லை. வினிதான். இடது கையால் எழுதினாள் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள் விரல் முட்டியிலேயே எத்தனை அடி போட்டிருப்பாள்! எட்னா இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் தம்பி அழுதான். அப்பாவிடம் சொன்னதற்கு அவர், "வயிறு நிறையச் சாப்பிடுறா இல்ல, விடு," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். இன்று மதியம்தான் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிச் சொன்னாள், திங்கட்கிழமை பஸ்ஸில் மிஸஸ் ஹால்ராய்ட் மகளோடு மோர்க்கம்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், கடையை விற்கப் பேச்சாம். 'மகளோடு' என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா உடனே எழுந்துவிட்டாள், கதவு வரைக்கும் வந்தாள், அங்கே நின்றுவிட்டாள். பிள்ளை பெற்றவள் சர்ச்சுக்குப் போய் ஆசி வாங்கும் வரை தீட்டு. அடுத்தவர் வாசலை மிதித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. அவளுக்கு ஆசி நாள் வர இன்னும் எட்டு நாள் இருந்தது. அப்பாவும் வீட்டில் இல்லை. அதனால்தான் எட்னா வந்தாள், வந்து வரிசையில் நின்றாள்.

நாலாவது ஆளாக முன்னேறியபோது மணி அடித்து மிஸஸ் கிரீவ் உள்ளே வந்தாள். பெரிய கூடை. "சின்னப் பிள்ளைக்கு என்ன அவசரம், கண்ணு," என்று இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பெரியவள் முந்தினால் அது முந்தியதாகக் கணக்கில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கல்லாவுக்குப் பின்னால் வினியின் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்த டோரா, பாலாடைக்கட்டியைக் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்தாள். இடது கை. எட்னா தலையை நீட்டினாள், கையைக் காட்டினாள், இருமினாள். டோரா நிமிரவில்லை.

"உங்க வினி என்னமா வளந்துட்டா!" என்றாள் மிஸஸ் கிரீவ்.

"ஆமா, போன குளிர்ல ரொம்ப மெலிஞ்சு போயிட்டா. இப்பதான் தேறியிருக்கா," என்றாள் மிஸஸ் ஹால்ராய்ட்.

போன குளிருக்கு வினி மண்ணுக்கடியில் இருந்தாள். அந்தச் சவப்பெட்டிக்குப் பின்னால் மிஸஸ் கிரீவும்தான் நடந்தாள்! எட்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் கண் சிமிட்டவில்லை, யாரும் பரிதாபப்பட்டு நடிப்பதாகவும் தெரியவில்லை. இன்றைக்கு வெண்ணெய் நன்றாயிருக்கிறது என்று சொல்லும் முகம்தான் எல்லோருக்கும்.

ஒருவழியாக அவள் முறை வந்தது. மூக்குக்கு நேராகக் கல்லா. அந்தப் பக்கம் தங்கை.

"டோரா, அம்மா கூப்பிடறாங்க. வா, போலாம்."

டோரா அவளை நன்றாகப் பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை, குறும்புகூட இல்லை. பிறகு பின்னால் திரும்பி, "அம்மா, இந்தப் பொண்ணு யாரையோ தேடுது," என்றாள்.

"வீடு மாறி வந்துட்டா போல," என்று மிஸஸ் ஹால்ராய்ட் சிரித்தாள். "என்ன வேணும்னு கேளு, நம்ம வினி."

எட்னா எம்பி, கல்லாவுக்கு மேலாக அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள். கை சில்லென்று இருந்தது, குளிரில் வரும் சில்லிப்பு இல்லை, ஈரம். விரல் இடுக்கெல்லாம் நனைந்து வழவழவென்றிருந்தது. கடையின் பின்பக்கம் அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு எப்படி ஓடி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பருகே இருந்தாள். எட்னாவுக்குப் பின்னால் பார்த்தாள், யாரும் வரவில்லை.

"எங்கடி அவ?"

"வரிசை பெருசும்மா," என்று சொல்லிவிட்டு எட்னா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள், இடது கை, பச்சைச் சட்டை, மிஸஸ் கிரீவ் சொன்னது, கையின் ஈரம். கடைசியாக, "அவ அந்தப் பொம்பளைய அம்மான்னு கூப்பிடறாம்மா," என்றாள்.

அம்மா எழுந்தாள். தம்பியைத் தூக்கி எட்னாவின் கையில் வைத்தாள். போர்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா! இன்னும் சர்ச்சுக்குப் போகலியே!"

"போகல," என்றாள் அம்மா. பனியில் கால் வைத்தாள்.

எட்னா குழந்தையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். தெருவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா நடுத் தெருவில் நடந்தாள், இன்னும் ரத்தம் நிற்காத உடம்போடு, மெதுவாக. இரண்டு பக்கமும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடையிலிருந்து மிஸஸ் கிரீவும் மற்றவர்களும் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியேறி, அம்மாவின் நிழல்கூடப் படாமல் சுவரோடு ஒட்டிப் போனார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டாள். கடையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் திரை இறங்கியது.

அம்மா கதவைத் தட்டவில்லை. கடை வாசற்படியில் ஏறி, இரண்டு காலும் அந்தக் கல்லில் பதிய நின்றாள்.

"நம்ம டோரா!"

அவ்வளவு பெரிய குரல் அம்மாவுக்கு உண்டென்று எட்னாவுக்கு அதுவரை தெரியாது. திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. திரையில் இரண்டு நிழல்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது, கைகோத்து நின்றன. உள்ளேயிருந்து பெரிய நிழலும் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சின்ன நிழல் தலையைத் திருப்பியது. வாசலில் நின்ற அம்மா பக்கமா, உள்ளே நின்றவள் பக்கமா என்று எட்னாவுக்குத் தெரியவில்லை.