இரண்டு மில்லிமீட்டர் விலகல்

மியூயான் என்பது எலக்ட்ரானுக்குக் இருநூறு மடங்கு கனமான அண்ணன். அந்தத் துகள்கள் குழாய் வழியே கற்றையாகப் பாய்ந்து சோதனைக்கூடத்துக்குள் வரும். கற்றை நடுவில்தான் விழுகிறதா, எவ்வளவு அகலம் என்று அளப்பது அவள் வேலை. முடிபோல மெல்லிய இழைகளை வலையாகக் கோத்து அவளே கருவி செய்திருந்தாள். துகள் பட்டால் இழை மின்னும்.

கூட அளப்பவன் சோடாபுட்டி. தடித்த கண்ணாடிக்காக அவள் வைத்த பெயர். கல்லூரியிலிருந்தே ஒட்டிக்கொண்ட சிநேகம்.

ஒரு நாள் கற்றை இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகியிருந்தது.

"என் இழையிலதான் கோளாறோ?" என்றாள்.

"இருக்கலாம். பிரிச்சுப் பாரேன்" என்றான் அவன்.

பிரித்தாள். ஒவ்வோர் இழையாகத் துடைத்து மறுபடி கோத்தாள். விலகல் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குப் பிரசவ வலி.

"நீ பக்கத்துல இருந்தா போதும்க்கா" என்று போனில் அழுதாள்.

"இதோ வந்துடறேன்டி" என்றவள் போகவில்லை. குழந்தையைப் படத்தில்தான் பார்த்தாள்.

கடைசியில் பிடித்துவிட்டாள். இழைகள் சரியாகத்தான் சொல்லியிருந்தன. எண்கள் கணினியில் ஏறும்போது யாரோ விலகலைக் கூட்டியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் சொன்னதும் குழுத் தலைவர் கைதட்டினார்.

"பிரமாதம்மா! நாங்க வெச்சதுதான் அது. பொய்யைக் குடுத்தா கண்டுபிடிக்கிறீங்களான்னு ஒரு சோதனை. தேறிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சோடாபுட்டி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் அவனை நிறுத்தினாள். "உனக்குத் தெரியுமா?"

"விலகலைக் கூட்டற நிரலை எழுதினதே நான்தான். மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."

"சொல்லாம இருந்தே, சரி. பிரிச்சுப் பாருன்னு யாரு சொல்லச் சொன்னாங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"என் தங்கச்சி அழுதப்ப பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். பையை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கை குழந்தையை அவள் மடியில் கிடத்தினாள். "வேலை முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது" என்றாள். எதற்காக வராமல் போனாள் என்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்று சோடாபுட்டி புது எண்களோடு காத்திருந்தான்.

"கற்றை நடுவுலதான் இருக்கு. நானே அளந்தேன்."

"வெச்சுட்டுப் போ."

அவன் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவள் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை. கருவியை இயக்கி, முதல் இழையிலிருந்து தானே அளக்கத் தொடங்கினாள்.