கறுப்புக் கம்பிப் பக்கத்து மண்

சாரல் விடாமல் தூறிய விடியலில், மாடத்தி முழங்கால் புதையக் குழிக்குள் நின்று சேற்றை வாரி மேலே எறிந்தாள். குழி முழுக்க வெல்லப்பாகு புளித்த வாடை.

கீழப்பாவூருக்கு வெளியே பழைய பேட்டரி உருக்கிய பட்டறை மூடிப்போயிற்று. ஈயம் மண்ணில் தங்கிவிட்டது. பாகில் வளர்த்த கிருமிகள் அதை மண்ணிலிருந்து கரைத்துவிடும். கரைந்த ஈயத்தை மின்சாரம், மண்ணில் புதைத்த சிவப்புக் கம்பியிலிருந்து கறுப்புக் கம்பிப் பக்கம் இழுத்துப்போகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அங்கே சேர்ந்த சேற்றை வாருவது பதினோரு பேர் வேலை.

போன மாதமே கையுறையை நிறுத்தியாயிற்று. "மண்ணு சுத்தம்னு ரிப்போர்ட் வந்துட்டு. பிறகு கைக்கு உறை எதுக்கு, வளைகாப்புக்கா?" என்று சிரித்தார் ஒப்பந்தக்காரர் காந்திமதிநாதன்.

பரிசோதனைக்கு மண் எடுத்தவன் இசக்கிமணி. வேலையை நிரந்தரமாக்குவதாக அவர் ஆசை காட்ட, ஈயம் நகர்ந்துபோன சிவப்புக் கம்பியடியில் மட்டுமே எடுத்தான். இன்றைக்கும் உறை போட்டிருந்த ஒரே ஆள் அவன்தான்.

நேற்று மாடத்தியின் ரத்தத்தில் ஈயம் என்று ஆஸ்பத்திரித் தாள் வந்தது. வாசித்துச் சொன்னவனும் அவனே. இன்று குழி விளிம்பில் வந்து நின்றான்.

"யக்கா, மேல ஏறு. ரிப்போர்ட்டு பொய். நாந்தான் நல்ல மண்ணா பாத்து எடுத்தேன்."

மண்வெட்டிகள் நின்றன.

"எப்பலே தெரியும்?" என்றாள் மாடத்தி.

"எடுக்கும்போதே."

"தெரிஞ்சேதான் தினமும் எங்கூட டீ குடிச்சியா?"

அவன் உறைகளைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பதினோரு பேரும் கரையேறியபோது காந்திமதிநாதன் வந்தார். "என்ன, மாநாடா?"

"கையுறை வரணும் அண்ணாச்சி. கறுப்புக் கம்பி மண்ணும் பரிசோதனைக்குப் போவணும். அதுவரைக்கும் இறங்க மாட்டோம்," என்றாள் மாடத்தி.

"ராயகிரில இருந்து நாளைக்கே ஆளு வரும்."

"வரட்டும். அவங்ககிட்டயும் சொல்லுதோம்."

அவர் இசக்கிமணி பக்கம் திரும்பினார். "ஏலே, ரிப்போர்ட்டுல கையெழுத்து உன்னுது. மாட்டுதது நீதான்."

"ஆமா அண்ணாச்சி. கலெக்டர் ஆபீஸ்ல அதையும் சொல்லுதேன்."

கறுப்புக் கம்பியடிச் சேற்றைப் பையில் அடைத்து, பையின் சீட்டில் தன் பெயரை எழுதினான். மாடத்தி பேனாவைப் பிடுங்கினாள்.

"உன்ன ஒத்தையில நம்புததா இல்ல. எங்க பேரும் இருக்கட்டும்."

சீட்டு போதவில்லை, இன்னொன்று ஒட்டினார்கள். "எனக்கு இனிஷியல் ரெண்டு, விட்ராதட்டி," என்றாள் குழியில் கூட நின்ற சங்கரேஸ்வரி. யாரோ சிரித்தார்கள். இசக்கிமணியால் முடியவில்லை.

கலெக்டர் ஆபீஸுக்கென்று ஏறிய தென்காசிப் பேருந்தில் அவன் படியோரமாகவே நின்றான். மாடத்தி பக்கத்து இருக்கையைத் தட்டினாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. உக்காரு. பையைக் கெட்டியாப் பிடி."