நேர் விமானம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அவளுக்கு ஒரே ஒரு தம்பி. தாய் தகப்பன் போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அந்த அலைச்சலில் தனக்கு ஒரு கல்யாணம் பேச விட்டுப்போயிற்று. அவன் கடல் தாண்டி ஒரு நகரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தான். ஊருக்கு வந்து தலைகாட்டி வருஷக்கணக்காகிவிட்டது.

"ரெண்டு விமானம் மாறணும்க்கா. முப்பது மணி நேரம். முதுகு ஒடிஞ்சிரும்," என்பான்.

"உன் பொண்டாட்டிகிட்ட போனைக் குடுடா" என்றால், "குளிக்கிறா" என்பான். மகளைக் கேட்டால் தூங்குவாள். அக்கா நம்பினாள். தூரம் பொல்லாததுதானே!

ஒரு மத்தியானம் கடை டிவியில் செய்தி ஓடியது: அந்த நகரத்துக்கு இனி நேர் விமானம், பதினோரு மணி நேரம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். உடனே போன் போட்டாள்.

"காலையில சாப்பிட்டு ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க இருப்படா!"

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "லீவு தரமாட்டாங்கக்கா."

அடுத்த மாதம் மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த மாதம் பல்வலி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அன்று வேலை முடிந்து வந்தவள் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் தம்பியைத் திட்ட வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்தாள்.

"நீ வராட்டி போ. நான் வரேன்."

"வேண்டாம்க்கா... இங்க குளிரு."

"டிக்கெட் எடுத்தாச்சு."

விமானத்தில் முன்சீட்டுத் திரையில் ஒரு குட்டி விமானம் நீலக்கடல்மேல் நகராமலே நின்றது. பக்கத்துச் சீட்டுக்காரர் ஏறியதும் கண்ணை மூடினார், இறங்கும்போதுதான் திறந்தார். பேச ஆளில்லை.

தம்பி தனியாக வந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் அவன் அறை. ஒற்றைக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

"அவளும் குழந்தையும் எங்கடா?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா. நாலு வருஷமாச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப நாலு வருஷமாவாடா குளிச்சுக்கிட்டு இருந்தா?"

அவன் சிரித்துவிட்டான், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் என் தம்பி குடும்பத்தோட அமோகமா இருக்கான்னு சொல்லிட்டிருந்தியே. எப்படிக்கா சொல்றது?"

அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் இருந்தாள். விடியுமுன் அவன் பேருந்து கழுவப் போய்விடுவான். அவள் மூடிய ஜன்னலோரம் அவன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி பொழுதைத் தள்ளினாள். "என்கூட வந்துடுடா" என்று கேட்டும் பார்த்தாள். "குழந்தை இந்த ஊர்லதானே இருக்கா. மாசம் ஒருதரம் பார்க்க விடுறாங்க," என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

திரும்பி வந்தபின் தம்பியைப்பற்றிக் கடையில் யாரிடமும் பேசவில்லை. அவனும் போனில் பொய் சொல்வதை விட்டுவிட்டான். பொய் போனதும் பேச்சும் குறைந்துபோனது. ஆனாலும் போனை வைக்க மாட்டார்கள். அங்கே அவன் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் இங்கே சாப்பிடுவாள்.